பொய்த்தீட்டு

1993ஆம் ஆண்டு, நேபாள மலைநாட்டு ஜும்லாவில் முதற்பனி விழுந்த வாரத்தில் ரூப்ஸராவை முதன்முதலாகக் கண்டேன். நான் செவிலியாக இருந்த சுகாதார நிலையத்தின் வாசலில், ஐந்து மாத ஆண்குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். முந்தைய இரண்டு குழந்தைகளையும் பனிக்காலத்து நெஞ்சுச்சளி கொண்டுபோயிருந்தது.

"இவனாவது தங்கணும் அக்கா. நான் என்ன செய்யட்டும்?"

"தாய்ப்பாலை நிறுத்தாதே. புகையில்லாத எடத்துல படுக்க வை" என்றேன்.

சொல்வது எளிது. அவர்களுடைய ஜன்னலற்ற ஒற்றை அறையில், விளக்குக்குப் பதிலாகப் பிசின் வடியும் பைன் சிராய்கள் எரிந்தன. சுவரில் துளையிடலாமா என்று அவள் கேட்டபோது, மாமியார் ஜௌகலா, "குளிருக்கு உங்கப்பன் விறகு அனுப்புவானா?" என்றாள். கணவனோ கூலிவேலைக்கு இந்தியாவுக்குப் போயிருந்தான்.

எனவே ரூப்ஸரா ஒரு பொய் சொன்னாள். மாதவிலக்கானவள் வீட்டுக்குள் உறங்கக்கூடாது. பால்குடிக் குழந்தையும் அவளோடு மாட்டுத்தொழுவத்துக்குப் போகும். விலக்காகாமலே "நான் தூரம்" என்று சொல்லி, வைக்கோலுக்கும் கம்பளிக்கும் நடுவே, மாடுகளின் சூட்டில் மகனை உறங்கவைத்தாள். அவன் இருமவில்லை. கன்னங்கூட உப்பியது.

"மாசத்துக்கு மூணு தடவையா?" மூன்றாம் முறை ஜௌகலா தொழுவத்து வாசலில் நின்று, துணியை உதறிக் காட்டச் சொன்னாள். அதில் கறை இல்லை.

"தீட்டுன்னு சொன்னேல்ல? சாமி கேட்டுக்கிச்சு. இனி உனக்கு எந்நாளும் தீட்டுதான், மகாராணி. இங்கயே கெட. என் பேரன் அடுப்பங்கரையில வளருவான்."

கோமியம் தெளித்துக் குழந்தையை எடுத்துக்கொண்டு, கதவை வெளியே தாழிட்டாள்.

எனக்குச் செய்தி எட்டியது நான்காம் நாளில். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அடுப்பங்கரைப் புகைக்கு நடுவே, ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்வாங்கிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, இவனை உடனே நிலையத்துக்குத் தூக்கிட்டுப் போகணும். குடுங்க."

"ஊசி குத்துறதோட நிறுத்திக்க, பொண்ணே. இந்தப் புகையிலதான் நான் ஒம்பது பெத்தேன்."

"எத்தனை பேர் இருக்காங்க?"

"ஒருத்தன் இருக்கானே, போதாதா?"

நாங்கள் வாதிட்டுக்கொண்டிருக்கையிலேயே மூச்சு நின்றது. ஜௌகலா குழந்தையின் பாதங்களை முத்தமிட்டு அலறினாள். அந்த அழுகை பொய்யன்று.

தொழுவத்தின் தாழை நான்தான் நீக்கினேன். தண்ணீர் குடிக்கக் கொடுத்திருந்த கிண்ணத்தை ரூப்ஸரா இரு கைகளாலும் என்னிடம் நீட்டினாள். அவள் எவரிடமும் கடைசியாகக் கேட்டது இதுதான்.

"பால் கட்டிக்கிச்சு அக்கா, பீச்சி வச்சிருக்கேன். சூடு ஆறுறதுக்குள்ள கொண்டுபோய் ஊட்டிடுங்க."