எட்டில் ஒரு பாம்பு, மேலறையில் ஒரு பாம்பு

என் சாதகத்தில் எட்டாம் இடத்தில் பாம்பு, அதாவது ராகு, நிற்கிறது என்று சாத்திரியார் சொன்னபோது எனக்கு இருபத்தொன்பது வயது. எட்டில் பாம்பு நின்றால் கட்டுகிறவனுக்கு ஆயுள் குறைவாம். அதை வைத்துக்கொண்டு லண்டன் வெம்பிளியிலிருந்து ஒரு பெண்மணி, "குறிப்புப் பொருந்தேல்லை, குறை நினைக்காதேங்கோ" என்று என் அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டார். அவருடைய மகனும் நானும் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரே மருந்துக்கடையில் வேலை செய்தோம். ஒரு வருடமாக ஒருவரையொருவர் விரும்பினோம். கட்டினால் அவனைத்தான் கட்டுவது என்று நான் முடிவெடுத்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் சொன்னேன்: "பாம்பு இருக்கெண்டுதானே உங்கட அம்மா சொல்லுறா? அப்ப நான் ஒண்டை வாங்கிப்போட்டு விடுறன். பிறகு சொல்லட்டும்."

"நீர் என்ன விசரோ?" என்றான் அவன். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "எத்தனை அடிப் பாம்பு?" என்று கேட்டான். இவனையா நான் விடுவேன்!

அது 2009, ஈழத்தில் போர் முடிந்த வருடம். எங்கள் சனத்தின் வீடுகளில் அந்த வருடம் சிரிப்பே இல்லை. அம்மா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுது அழுது முகமே வேறாகிப் போயிருந்தார். அதனால்தானோ என்னவோ, அந்த இலையுதிர்காலத்தில் பாம்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் எனக்குப் பைத்தியம் பிடித்ததுபோல் ஒரு சந்தோஷம். பஸ்ஸில் படித்தேன், கட்டிலில் படித்தேன். விஷமில்லாதது, தன் உடம்பால் இரையைச் சுற்றி இறுக்குவது, பழகினால் சாதுவானது என்று போவா என்ற இனத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெண் போவா பெரிதாக வளரும் என்பதால் ஆண்தான் வேண்டும் என்றும் முடிவுசெய்தேன்.

பார்க்கிங்கில் ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டின் பின்னறையில் போவாக் குட்டிகளை வளர்த்து விற்றார். மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அப்படிக் குடைந்திருக்கமாட்டார்கள். முதல் குட்டி நல்ல வடிவு, வாலில் செங்கல் நிறம். ஆனால் மூச்சு விடும்போது மெல்லிய இரைச்சல் கேட்டது, வேண்டாம் என்றேன். இரண்டாவது என் கையில் துணிபோலத் தொங்கியது. மூன்றாவது கண்ணாடிபோன்ற கண்ணுடன், நாக்கை நீட்டி நீட்டி, என் மணிக்கட்டை அளவாக இறுக்கிப் பிடித்துக்கொண்டது. செதில்களுக்கிடையில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். சாப்பிடுவதையும் காட்டச் சொன்னேன். அவர் உறையவைத்துப் பின் இளகவைத்த சுண்டெலி ஒன்றை இடுக்கியால் நீட்டினார். ஒரே பாய்ச்சல், மூன்று சுற்று! என்னவன் வெளியே போய்த் தெருவில் நின்றான்.

தலையணை உறைக்குள் போட்டு, உறையை ஒரு பெட்டிக்குள் வைத்து பஸ்ஸில் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அண்ணை, "பெட்டியில மீனோ தங்கச்சி?" என்று கேட்டார். "இல்லை அண்ணை." "அப்ப நண்டோ?" எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவன் என் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியது பிளக்கைப் பற்றி. பாம்பின் கூடு மேலறையில், கண்ணாடிக் கதவு போட்ட நீண்ட மரப்பெட்டி. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருக்கவேண்டும், அது தனக்கு வேண்டிய இடத்துக்கு நகரும். ஆகவே ஹீட்டருக்கு ஒரு பிளக், சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. ஒளிந்திருக்க இரண்டு குகை. உடம்பு முழுக்க நனைந்து கிடக்க ஒரு பெரிய தண்ணீர்ச் சட்டி.

"ஒரு பாம்புக்கு மூண்டு பிளக்கோ? எனக்கு அயன் பண்ண இடமில்லை! நாங்கள் போர்வைக்குள்ள நடுங்கிறம், உவருக்கு முப்பது டிகிரி!"

கத்தினாரே தவிர, குளிர் கூடக்கூட அம்மா தேவாரப் புத்தகத்தோடு மேலறைக்கே வந்துவிட்டார். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். ஒரு மாதம் போக, பாம்புக்குச் சட்டமும் போட்டார். வெள்ளிக்கிழமை எலி கிடையாது.

"அம்மா, அது பாம்பு."

"பாம்பெண்டாலும் எங்கட வீட்டுப் பாம்பு. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை."

இதற்கிடையில் அவன் தன் வீட்டில் ஒற்றைக்காலில் நின்றான். கடைசியில் அவனுடைய அம்மா, "ஒருக்கா வந்து பிள்ளையைப் பாக்கிறன். பாத்துப்போட்டு நான் சொல்லுறதுதான் முடிவு" என்றாராம். தாயை மீறிக் கட்டுகிறவன் அல்ல அவன், அது எனக்குத் தெரியும். என் வாழ்க்கை அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது.

ஞாயிறு காலை காஞ்சிபுரம் உடுத்தி, கூட்டின் மேல் போர்வை ஒன்றைப் போட்டு மறைக்க மேலே போனேன். கண்ணாடிக்குள் பார்த்தால், கடவுளே! தண்ணீர்ச் சட்டி நிறையப் பால். பாலுக்குள் பாம்பு, தலையை மட்டும் விளிம்பில் வைத்துக்கொண்டு சுகமாகக் கிடந்தது. அந்தச் சூட்டில் பால் புளிக்கத் தொடங்கியிருந்தது. நாற்றம் மூக்கைப் பிடுங்கியது.

"அம்மா! என்ன கோதாரி வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"நல்ல காரியம் நடக்கிற நாள், நாகத்துக்குப் பால் வைக்காமலோ?" என்று கீழேயிருந்து பதில் வந்தது. கூடவே வாசல் மணியும் அடித்தது.

பாம்பு பால் குடிக்காது. ஆனால் பால் செதிலுக்குள் ஊறினால் புண் வரும். விட்டுவிட்டுக் கீழே போக எனக்கு மனம் வரவில்லை. பாம்பைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு, சேலையோடு முழங்காலில் இருந்து, கோப்பையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். கதவுக்குத் தாழ் போட மறந்துபோனேன். கீழே அம்மாவின் குரல் கேட்டது: "பாத்ரூமோ? மேல, வலப்பக்கம்."

கதவு திறந்தது. அவனுடைய அம்மா நின்றார். வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர், பால் மணம், பட்டுச்சேலையில் நான், என் கையில் சுற்றிய பாம்பு. வாசலில் மாட்டிக்கொண்ட குளியலறைச் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்லக் கை கூப்பினார்.

"பிள்ளை... பாலாபிஷேகமோ?"

ஆமென்று ஒரு "ஓம்" போதும். தோஷம் கழிந்தது, அவன் எனக்கு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்தச் சாதகம் போனில் திரும்பி வந்த நாளின் கோபமும் கூடவே வந்தது.

"இல்லை அன்ரி. கழுவுறன். அம்மா பால் வைச்சிட்டா, இது அதுக்குள்ள படுத்திட்டுது. எட்டில பாம்பெண்டு நீங்கள் சொன்ன கோவத்திலதான் இதை வாங்கினனான்."

சொல்லி முடித்ததும் எல்லாம் போய்விட்டது என்று எனக்கு அழுகை வந்தது. மூக்கைத் துடைக்கக் கைகூட இல்லை, கையில் பாம்பு.

அவர் உள்ளே வந்து, தாழ்ப்பாளைப் போட்டு, கொமோட்டின் மூடியில் உட்கார்ந்தார்.

"என்ர எட்டிலயும் பாம்புதான் பிள்ளை," என்றார். "என்னைப் பெத்த ஐயா ஒருத்தருக்கும் சொல்லாமல் மறைச்சுத்தான் என்னைக் கட்டிக் குடுத்தவர். அண்டையில இருந்து என்ர மனுசன் தும்மினாலும் எனக்கு நெஞ்சு பக்கெண்டும். காய்ச்சல் வந்தால் நான் நித்திரை கொள்ளமாட்டன். என்ர மகனைக் கட்டுறவளும் இப்பிடிப் பயந்து பயந்து சாகவேணுமோ? அதுதான் வேண்டாமெண்டனான்."

அந்த நேரம் பார்த்துக் கீழே அவனுடைய அப்பா வெடிச்சிரிப்புச் சிரித்து, "இன்னொரு வடை எடுக்கட்டோ?" என்று கேட்டது மாடிவரை கேட்டது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்கு அடக்கமுடியவில்லை. அவருக்கும்தான். வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது.

"கடிக்குமோ?"

"கடிக்காது. தொட்டுப் பாருங்கோ."

ஒரு விரலை நீட்டினார். பாம்பு நாக்கால் அந்த விரலை விசாரித்துவிட்டு, மெல்ல என் கையிலிருந்து அவர் கைக்கு ஏறி, வளையல்களுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"இதுக்கோ நான் இவ்வளவு காலம்..." என்றார். நான் பாம்பைத் துவட்டிக் கூட்டுக்குள் விடும்வரை பக்கத்திலேயே நின்று, கூட்டையும் வயர்களையும் உன்னிப்பாகப் பார்த்தார்.

நாங்கள் கீழே இறங்கியபோது என் சேலை முழங்கால்வரை நனைந்து சொட்டியது. அம்மா தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு தாயின் முகத்தை. அவனுடைய அம்மா புருசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய தட்டிலிருந்த வடையை எடுத்து ஒரு கடி கடித்தார்.

"தம்பி, உன்ர அறையில எத்தனை பிளக் இருக்கு?"

"ரெண்டு. ஏனம்மா?"

"காணாது. இன்னொண்டு போடுவி."