தோளை இறக்கு

அந்த சலூனுக்குப் பெயர்ப்பலகை உண்டு. யாரும் அதைப் படித்ததில்லை. கேட்டால் "நெட்டையண்ணன் கடை" என்பார்கள். நெட்டை என்றால் சும்மா நெட்டை இல்லை. எந்த வாசலிலும் குனிந்தே நுழைந்து பழகிய மனுஷன். ஜன்னலோரம் இருந்த தன் நாற்காலியை, பெடலை மிதித்து மிதித்து உச்சிக்கு ஏற்றி வைத்திருப்பார். உட்கார வருகிறவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். "அண்ணே, இங்கேருந்து பார்த்தா ஊரே தெரியுது" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

பக்கத்து நாற்காலி மச்சினனுடையது. மனைவியின் தம்பி. காதோரம் நரைத்த ஆள், ஆனால் உயரம் மட்டும் பள்ளிக்கூடத்திலேயே நின்றுபோனது. அதனால் அவன் பெயர் குட்டை. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் அவனிடம் போவார்கள். "அவசரக்காரங்க சீட்டு" என்று நெட்டையண்ணன் அதற்குப் பெயரே வைத்திருந்தார். நல்ல தலையெல்லாம் ஜன்னலோரம்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருடைய வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில், படுத்த வாகு சரியில்லை என்று நினைத்தார். அப்புறம் உச்சி முடியைச் சீவக் கை எழும்பவில்லை. கடைசியில் சட்டை போடவே மனைவி கையைப் பிடித்துச் சட்டைக்குள் திணிக்க வேண்டியதாயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, "தோள் மூட்டு இறுகிப்போச்சு. சக்கரை இருக்கிறவங்களுக்கு இது வரும். பயிற்சிதான் மருந்து, மாசக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் கத்தரியைத் தொடாதீங்க" என்றார். நெட்டையண்ணனுக்கு இடி விழுந்த மாதிரி ஆயிற்று.

வேறு வழி? ஜன்னலோர நாற்காலியை மச்சினனிடம் விட்டார். சும்மா விடவில்லை.

"மாப்ளே, உட்கார வை, வெட்டு. ஆனா உயரத்துல கை வைக்காதே. ஒரு இஞ்ச் இறங்கியிருந்தாலும் எனக்குத் தெரியும். நான் திரும்பி வரும்போது நான் விட்ட உயரத்துலயே இருக்கணும்."

"சரி மாமா."

அவ்வளவுதான் பதில். குட்டை எப்போதும் அவ்வளவுதான் பேசுவான். அதுவும் இவருக்குப் பிடிக்காது.

வீட்டில் இருந்திருக்கலாம் இல்லையா? இருக்க மாட்டார். தினமும் கடைக்கு வந்து, காத்திருப்பவர்களின் பெஞ்சில் உட்கார்ந்து, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரும் அந்த நாற்காலியில் ஏறும்போது வயிறு எரியும். அதிலும் வாத்தியார் வந்தாரே, அன்றைக்குத்தான் தாங்க முடியவில்லை. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். "நெட்டை, உன் கையைத் தவிர வேற கை என் தலையில படாது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவர். அந்த மனுஷன் குட்டையிடம் தலையைக் கொடுத்தார். கொடுத்ததோடு விட்டாரா? தூங்கிவிட்டார்! இத்தனை வருஷத்தில் இவர் கையில் ஒரு நாளாவது கண் அசந்திருப்பாரா? வாயைத் திறந்துகொண்டு குறட்டை வேறு.

"தூங்குறாரு பாரு, தாலாட்டுப் பாடின மாதிரி" என்று முணுமுணுத்தார் நெட்டையண்ணன். பக்கத்தில் இருந்தவர் பேப்பரை உயர்த்திக்கொண்டு சிரித்தார்.

இன்னொன்றும் அவர் கண்ணை உறுத்தியது. குட்டை முடி வளர்க்க ஆரம்பித்திருந்தான். காதை மூடி, பிடரியில் சுருண்டு, வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. இவருக்கோ நடு மண்டை எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டது. "பார்த்தியா உன் தம்பியை? ஜன்னலோரம் போனதும் ஸ்டைல் வந்துடுச்சு, சினிமா ஹீரோன்னு நெனப்பு" என்று வீட்டில் பொரிந்து தள்ளினார். மனைவி, "அவன் முடி, அவன் வளர்க்கிறான், உங்களுக்கு என்ன?" என்றாள். என்னவாம்! எல்லாமே அவருக்குத்தான்.

பிசியோதெரபி அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது. சுவரில் கப்பி, கயிறு, விரலால் ஏற மரப்படி, ஒரு மூலையில் ஆளுயரக் கண்ணாடி. பிசியோ மேடம் சிரித்த முகம், ஆனால் விடாக்கண்டி. சூடு ஒத்தடம் கொடுத்துவிட்டு, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னாள். பிறகு விரல்களால் சுவரில் மெல்ல ஏறச் சொன்னாள். "வலி லேசா பிடிக்கிற இடத்துல நின்னு மூச்சு விடுங்க ஐயா. அதைத் தாண்டி முட்டி மோதாதீங்க."

நெட்டையண்ணன் தலையாட்டினார். தலையாட்டுவதில் என்ன செலவு?

சுவர் ஏற்றத்தைக் கடைக் கண்ணாடியிலேயே வைத்துக்கொண்டார், குட்டை பார்க்கட்டும் என்று. விரலில் பவுடர் தடவிக்கொள்வார். எட்டிய இடத்தில் வெள்ளையாகத் தடம் விழும். மறுநாள் அதற்கு மேலே. "பார்த்தியா மாப்ளே? இன்னும் கொஞ்ச நாள்தான்!" என்பார். "நல்லது மாமா" என்பான் அவன். அந்த 'நல்லது' கூட இவருக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்துப் புதிதாக ஒருவர் வாசலில் தலையை நீட்டி, "குட்டையண்ணன் கடை இதுதானே?" என்று கேட்டார்.

"இல்ல, அடுத்த தெரு" என்றார் நெட்டையண்ணன்.

வந்தவர் போய்விட்டார். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் குட்டைக்குக் கேட்கவில்லை. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கமா, கோபமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அன்று வீட்டுக்குப் போனதும் வாசல் நிலைக்கு மேலிருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கினார். சீக்கிரம் நிமிர்த்திவிட வேண்டுமாம். தோளில் சுரீர் என்று ஒரு வெட்டு. அப்புறம் பல நாள் பவுடர் டப்பாவைக் கூடத் தூக்க முடியவில்லை.

மேடத்திடம் மறைக்க முடியுமா? தொட்டதுமே கண்டுபிடித்தாள். "யார் உங்களைத் தொங்கச் சொன்னது?"

"அங்கே என் நாற்காலி கைவிட்டுப் போய்க்கிட்டு இருக்கு மேடம். நான் ஊஞ்சல் ஆடிக்கிட்டு இருந்தா ஆகுமா?"

"அப்படி இழுத்தா மூட்டு இன்னும் இறுகும். எங்கே, சுவர் ஏறுவீங்களே, அதைக் கண்ணாடி முன்னாடி செஞ்சு காட்டுங்க. விரலைப் பார்க்காதீங்க. தோளைப் பாருங்க."

பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்றவர்தான்; அடுத்தவன் தலையைத் தவிர எதைப் பார்த்திருக்கிறார்? வலது தோள் காதைத் தொட்டுக்கொண்டு நின்றது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது.

"கை ஏறலை ஐயா. நீங்கதான் ஏறுறீங்க" என்றாள் மேடம். "தோளை இறக்குங்க."

இறக்கினார். விரல்கள் சரசரவென்று நெஞ்சு மட்டத்துக்கு வந்து நின்றன. அதுதான் அவருடைய உண்மையான உயரம். மறுநாள் கடையில் பவுடர் தடங்களை ஈரத்துண்டால் துடைத்தபோது அழாத குறை.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்தார். ஷேவிங்குக்கு வைத்திருக்கும் சுடுதண்ணீரில் துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மெல்ல இழுப்பார். கண்ணாடியைப் பார்த்து "தோளை இறக்கு, தோளை இறக்கு" என்று தனக்கே சொல்லிக்கொள்வார். வாடிக்கைக்காரர்களுக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. கை சோம்பேறித்தனமாகத்தான் மேலே ஏறியது, ஆனால் ஏறியது. ஒரு காலை தானே சட்டை போட்டுக்கொண்டு நின்றார். "அப்பாடா, எனக்கு விடுதலை" என்றாள் மனைவி. கொஞ்ச நேரம் வேலை செய்யலாம், நடுநடுவே ஓய்வு எடுக்கணும் என்று மேடமும் அனுமதி கொடுத்தாள்.

துணியை உதறிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். முதல் ஆளாக வாத்தியார் வந்தார். நெட்டையண்ணன் வாயெல்லாம் பல்லாக, "வாங்க சார்!" என்றார்.

வாத்தியார் தயங்கினார். "நெட்டை, கோவிச்சுக்காதே. உன் கை இன்னும் கொஞ்சம் தேறட்டும்." சொல்லிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் ஏறி, "குட்டை, வாப்பா" என்று கூப்பிட்டார்.

கையில் துணியோடு அப்படியே நின்றார் நெட்டையண்ணன். கண்ணாடி வழியாக மச்சினனை முறைத்தார். முறைத்த கண் அவன் தோளில் போய் நின்றது.

குட்டையின் வலது தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. குதிகால் எழும்பியிருந்தது. வாத்தியாரின் உச்சிக்குக் கத்தரி போகும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். நடுவில் கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டான். இந்தக் கடையில் வேறு யாருக்கும் அது தெரியாது. இவருக்குத் தெரியும்.

சொல்லாமல் விட்டால் போதும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், அவனுக்கும் கை எழும்பாது. வாத்தியார் தானாகத் திரும்பி வருவார். நல்லா வேணும் என்று நினைத்தார். நினைக்கும்போது இனித்தது, அதையும் மறைப்பானேன்?

"கை வலிக்குதா மாப்ளே?" என்று வாய் கேட்டுவிட்டது.

"அதெல்லாம் இல்ல மாமா. தூங்கும்போது மட்டும் கொஞ்சம் குத்துது."

"நாற்காலியை இறக்கிக்கிட்டா என்ன?"

"நீங்கதானே இறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

குத்திக்காட்டவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். இத்தனை மாதமும் எட்டாத உயரத்தில் நுனிக்காலில் நின்று வெட்டியிருக்கிறான், இவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

நெட்டையண்ணன் போய்ப் பெடலில் காலை வைத்து அழுத்திப் பிடித்தார். நாற்காலி புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு இறங்கியது.

"யாருப்பா அது என்னை இறக்குறது?" என்று பதறினார் வாத்தியார்.

"ஒண்ணும் ஆகாது சார், உட்காருங்க" என்றார் நெட்டையண்ணன். வாத்தியாரின் தலை மச்சினனின் நெஞ்சு மட்டத்துக்கு வரும்வரை இறக்கினார். அவன் தோளில் கையை வைத்து அமுக்கி, "தோளை இறக்கு. சாயங்காலம் என்னோட மேடத்தைப் பார்க்க வர்றே" என்றார். வாத்தியார் கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தார். அப்போதும் இவருக்கு வயிறு எரியத்தான் செய்தது.

அவசரக்காரங்க சீட்டுக்குப் போனார். தன் உயரத்துக்கு மிதித்து மிதித்து ஏற்றினார். பக்கத்தில் நின்றார். பெஞ்சில் இருந்த யாரும் எழுந்து வரவில்லை. ஆளாளுக்குப் பேப்பரைப் பார்த்தார்கள்.

வாத்தியாரை அனுப்பிவிட்டுக் குட்டை கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். கம்பியைப் பிடித்து, சிரமப்பட்டு, அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான்.

"வெட்டி விடுங்க மாமா. காதெல்லாம் மூடிப்போச்சு."

"ஏன், இவ்வளவு நாளா யாரும் கிடைக்கலையா? ஸ்டைல்னுதானே நான் நினைச்சேன்."

"ஸ்டைலா? நீங்கதானே எனக்கு வெட்டுவீங்க. உங்க கை சரியாகட்டும்னு இருந்தேன்."

நெட்டையண்ணன் துணியை எடுத்து அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். கட்ட வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. கண்ணாடியை நிமிர்ந்து பார்க்காமல், தோளை இறக்கிக்கொண்டு, கத்தரியை எடுத்தார்.