சாம்பலில் எத்தனை சாம்பல்

கலர் படத்தை எப்படியாவது அச்சடித்துவிடலாம். கறுப்பு வெள்ளைப் படம்தான் ஆளைக் கொல்லும். கணினியில் அச்சுக்குப் படம் தயார் செய்து அவதிப்பட்டவர்கள் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில், சிரம்பானில் ஓர் அச்சகத்தில் எனக்கு அந்த வேலை. வீடு பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில்.

பச்சை நிலா

டாக்டர் சாரதா பால்மரத்து இலைநோய்களை ஆராய்கிறவர். எஸ்டேட் ஆட்கள் நோயை ஆரம்பத்திலேயே அடையாளம் காண ஒரு கையேடு போட வந்தார். மைக்ரோஸ்கோப் படங்கள், இலைப் படங்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. திரையில் பூஞ்சை வித்துகள் நிலாத் துண்டுகள் போல மிதந்தன. நான் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த மயக்கத்தில், நான்கு மைகளைக் கலந்து சாம்பல் நிறம் உண்டாக்கும் கலர் புரோஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். புரோஃபைல் என்றால், எந்த மை எவ்வளவு விழவேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் கணக்கு. மெஷினில் நீலமும் மஞ்சளும் சற்றுத் தூக்கலாக விழுந்ததில் நிலாவெல்லாம் பச்சை. மாதிரித் தாளை வாங்கிப் பார்த்த டாக்டர் கோபப்படவில்லை.

"தம்பி, பூஞ்சைன்னு எழுதினதை அடிச்சிட்டு, பாசின்னு எழுதிடட்டுமா?"

லெட்சுமி பார்த்த இலை

அடுத்த முறை கறுப்பு மை மட்டும். ஆனால் நான் வைத்த புரோஃபைல் பளபளப்பான தாளுக்கானது. கையேடோ சாதாரணத் தாளில். மைப்புள்ளிகள் தாளில் ஊறிப் பரவிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதிரியை என் மனைவி லெட்சுமியிடம் காட்டினேன். அவள் பால்மரம் வெட்டுகிறவள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுக்கிறவள். நோயின் முதல் அறிகுறி இலையில் விழும் மெல்லிய வளையம். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நோய் எங்கங்க இருக்கு? கரிஞ்ச இலைதான் தெரியுது. இதை வெச்சுத் தேடினா மரம் செத்த பிறகுதான் கண்டுபிடிப்போம்."



ஐந்தாவது தாள்

படத்தையே கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா என்று டாக்டரிடம் கேட்டேன். முடியவே முடியாது, படத்தில் கை வைத்தால் நோயின் அளவே மாறிவிடும் என்றார். ஆகவே சாதாரணத் தாளுக்கான புரோஃபைல்களை ஒவ்வொன்றாக மாற்றி மாதிரி எடுத்தேன். அந்த நாட்களில் காலை பஸ்ஸில் பனிக்குள் நிற்கும் பால்மரங்களைப் பார்ப்பேன். முன் வரிசை ஒரு சாம்பல், பின் வரிசை இன்னொன்று, அதற்கும் பின்னால் வெறும் மூச்சு போல ஒன்று. எண்ணிக்கொண்டே போய், ஒருநாள் இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிவிட்டேன்.

ஐந்தாவது தாளில் வளையம் மெல்லியதாகத் தெரிந்தது. டாக்டர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நான் பார்த்தது இதைத்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

இலையோடு வந்த மண்டோர்

கையேடு எஸ்டேட்டுகளுக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்து, கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட்டில் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர் ஒருவர் ஓர் இலையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நேராக அச்சகத்துக்கே வந்துவிட்டார். கையேட்டின் பின் அட்டையில் எங்கள் முகவரிதான் இருந்தது. டாக்டரை வரவழைத்தேன். நோய்தான், ஆனால் ஆரம்பம் என்றார். உடனே மருந்து தெளித்து அந்தப் பகுதி மரங்களைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நன்றி சொல்ல மண்டோர் மறுபடி வந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"படத்தில உள்ளது அப்படியே இருந்திச்சு தம்பி. ஆனா கலர்ல போட்டிருக்கலாம்லா, பார்க்க அழகா இருந்திருக்கும்!"

சாம்பல் நிறம் சரியாக விழுந்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் வாங்கிய ஒரே நற்சான்றிதழ்.