மூன்றாம் வகுப்பு ஜன்னல்

கோமதிநாயகம் எண்ண ஆரம்பித்தால் இருபதைத் தாண்டுவது அபூர்வம். பதினேழு, பதினெட்டு வரை குரல் நேராக வரும். அப்புறம் எங்காவது ஒரு காக்கை, ஓட்டில் வழுக்கும் வெயில், தெருவில் போகிற வண்டிமாட்டின் சலங்கை. அவர் அதோடு போய்விடுவார். திரும்பி வரும்போது எண் விட்ட இடத்தில் இருக்காது.

கடையநல்லூரிலிருந்து மாமாவுடன் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் அளக்கிற வேலைக்குச் சேர்ந்தார். மண்டியில் ஒன்று என்று சொல்லக்கூடாது. முதல் மரக்கால் 'லாபம்'. பிறகுதான் இரண்டு, மூன்று. ஒவ்வொரு எண்ணையும் அடுத்த மரக்கால் நிறைகிறவரை இழுத்துப் பாட வேண்டும். எண் மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பாட்டு. கோமதிநாயகத்துக்குப் பாட்டு பிடித்துப்போயிற்று. எண் கரைந்து ராகம் மட்டும் நிற்கும். வாங்க வந்தவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை. முதலாளிக்கு ஒரு நாள் தெரிந்துவிட்டது, வேலை போயிற்று.

ஏழாம் வகுப்பு தேறியிருந்தார். சாலை வியாபாரிகள் சேர்ந்து, சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் தங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்திவந்தார்கள். மாமா போய்ச் சொன்னார், பையனுக்கு அளவு தெரியும் என்று. மூன்றாம் வகுப்புக் கணக்கு அவரிடம் வந்தது.

பிள்ளைகள் ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை கொண்டுவருவார்கள். அதில் அவர் போட்டுத் தருவது மஞ்சாடி விதைகள், சிவப்பு, மினுமினுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மனைவி முத்தாரம்மாளும் மரத்தடிகளில் பொறுக்கியவை. அவர் தரையில் அடுக்குவார். நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு.

"இப்போ எந்திரிச்சு இந்தப் பக்கமா வந்து உக்காருங்கடே."

உட்கார்ந்து பார்த்தால் ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு. விதைகள் அசையவே இல்லை. தரகர் மகள் விஜயம் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்ப்பாள், தான் இல்லாத நேரத்தில் ஏதோ நடக்கிறது என்பதுபோல.

பிறகு எல்லாவற்றையும் குவித்து எண்ணுவார். மண்டியின் ராகம்தான். ஜன்னல் மேற்கே பார்த்தது. கோட்டை மதில் வரை ஓட்டுக்கூரைகள், அதற்குமேல் கடல் பக்கத்து ஆகாயம்.

"பதினெட்டு... பத்தொம்பது... இருபத்திநாலு..."

"தப்பு ஸாரே!" வகுப்பு முழுக்க எழுந்து நிற்கும். "இருபது ஸாரே, இருபது!"

"இருபதா?"

"பின்னே!"

"நான் எங்கடே போனேன்?"

"கடலுக்கு!"

அவருக்கு வெட்கமாக இருக்கும். வீட்டில் சொல்லுவார்: "சின்னப் பிள்ளைங்க என்னைத் திருத்துது."

"திருத்தட்டுமே," என்பாள் முத்தாரம்மாள். "நான் திருத்தினா மட்டும் கேக்கவா செய்யுதிய? உப்பு வாங்கப் போயி தாழம்பூ வாங்கிட்டு வந்த ஆளுதானே."

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் சற்குணம் பிள்ளை உட்கார்ந்திருந்தார். 'தப்பு ஸாரே' தினமும் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. கொல்லம் ஆண்டு 1109, மிதுன மாசம், அதாவது ஆனியில், அவர் தடுப்பைத் தாண்டி வந்தார்.

"வேய், நாளக்கழிச்சு இன்ஸ்பெக்டர் வாராரு. உம்ம கிளாஸைத்தான் பாக்கணுமாம். ஒரு மணி நேரம், கேட்டீரா, தப்பு விடாம இரும். ஒரே ஒரு தப்பு விட்டீரோ, ஆவணியிலே, சிங்க மாசம் பொறந்ததும், டிரெயினிங் முடிச்ச ஆளு இந்த நாற்காலியிலே இருப்பாரு."

"அப்போ நான்?"

"எண்ணத் தெரியாதவருன்னு சாலை பூராச் சொல்லுது. நான் என்னத்தைச் சொல்ல?"

போகும்போது ஜன்னலைத் தாமே சாத்திக் கொண்டி போட்டார். "இது தொறக்கப்படாது. உம்ம சீக்கே இதுதான்."

சம்பளத்தைப் பற்றி கோமதிநாயகம் அதிகம் நினைக்கவில்லை. காலையில் படியேறி வந்தால் இந்த அறையில் வேறொருவர் நின்றுகொண்டிருப்பார் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது.

அன்று சாயங்காலம் முத்தாரம்மாள் ஒரு கூடை வத்தலைக் கொட்டினாள். அவர் எண்ண வேண்டும். அவள் பக்கத்துவீட்டு ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாள். ஆடு கிணற்றில் விழுந்து எழுந்து மறுபடி விழுந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வத்தல்வரை எண்ணினார்.

"இப்படி இருந்தா ஆளே வேற மாதிரி இருக்கிய," என்றாள். அவளுக்கு அது பிடித்ததா என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் நனைந்த குடையோடு வந்தார். மெலிந்த மனிதர், பேச்சில் பாதி மலையாளம். சாத்திய ஜன்னலால் அறை சாயங்காலம்போல் இருந்தது. வாசலில் சற்குணம் பிள்ளை நின்றார். கோமதிநாயகம் குவித்த விதைகளை எண்ணத் தொடங்கினார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

"நிக்கட்டே ஸாரே. எந்தா ஈ லாபம்?"

சற்குணம் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். விஜயம் எழுந்தாள். "மண்டியிலே ஒண்ணுன்னு சொல்ல மாட்டாவ ஸாரே. ஒண்ணோட நின்னுரும்னு பயம்."

"கொள்ளாம், நல்லாருக்கு," என்று கையசைத்தார் இன்ஸ்பெக்டர். "ம், நடக்கட்டே."

கோமதிநாயகம் எண்ணினார். இருபது வந்தது, போயிற்று. பிள்ளைகளின் உதடுகள் அவரோடு கூடவே அசைந்துகொண்டிருந்தன. இருபத்தைந்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முப்பதில் உதடுகள் நின்றன. ஒருவன் கொட்டாவி விட்டான். விஜயத்தின் கண் கூரை உத்தரத்தில் இருந்தது. நாற்பதைத் தாண்டும்போது அந்த அறையில் அவரைத் தவிர யாரும் எண்ணவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு பையனைக் கேட்டார். "இப்போ எத்தற, எத்தனையாச்சு?"

பையன் எழுந்து நின்றான். அவ்வளவுதான்.

"நீ சொல்லு."

விஜயமும் எழுந்து விதைக் குவியலைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

விதை விரலில் இருக்க, கோமதிநாயகத்துக்குப் புரிந்தது. தாம் விட்டுவிட்டுப் போன எண்ணை இத்தனை நாளும் இதுகள் அல்லவா பிடித்து வைத்திருந்தன. இன்று அவர் எங்கும் போகவில்லை. பிள்ளைகளுக்கு வேலையும் இல்லை.

ஒரு தப்பு விட்டுப் பார்ப்போம் என்று நினைத்தார். "நாற்பத்தாறு" என்றுதான் நாக்கு சொன்னது. அது சரியான எண். வேண்டுமென்று தப்பு விட அவருக்கு வராது.

எழுந்து போய்க் கொண்டியை எடுத்தார்.

"வேய்!" என்றார் சற்குணம் பிள்ளை, மூச்சுக்குள்.

ஜன்னல் திறந்தது. கடலிலிருந்து மழை வந்துகொண்டிருந்தது. கோட்டைப் பக்கத்து ஓடுகள் கறுத்தன, பிறகு இந்தப் பக்கத்தவை. ஒரே கூரையின் பாதியில் வெயிலும் பாதியில் மழையுமாக இருந்தது. கோமதிநாயகம் "நாற்பத்தேழு" என்றார். பிறகு அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டில் காலை வைத்தார். கூரை கூரையாக நடந்தார். ஓடுகள் கதகதப்பாக இருந்தன. மதிலைத் தாண்டியதும் தென்னந்தலைகள், அப்புறம் தண்ணீர். மேலே யாரோ அளந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள், லாபம் என்று மட்டும் சொல்லி, இரண்டாவதற்கு வராமலே. எவ்வளவு கொட்டினாலும் கடலில் மேடு விழவில்லை.

திரும்பியபோது தோள் நனைந்திருந்தது. யாரும் தப்பு என்று கத்தவில்லை. பின்னால் ஒரு பாட்டு கேட்டது. விஜயம் விதைகளை நகர்த்த, வகுப்பு முழுக்க இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது, அவர் ஒருநாளும் போய்ச் சேராத எண்களில். "தொண்ணூத்தி எட்டேய்... தொண்ணூத்தி ஒம்போதேய்..." இன்ஸ்பெக்டரின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் பிள்ளைகளுக்கு நடுவே குனிந்து நின்றார். அவர் உதடும் அசைந்தது.

படியிறங்கும்போது இன்ஸ்பெக்டர் சற்குணம் பிள்ளையிடம் சொன்னார்: "ஈ ஸாருக்கு எண்ணத் தெரியாது, கேட்டோ."

"மாத்திருதேன் ஸார். சிங்கத்துலே..."

"குட்டிகளுக்கு நல்லாத் தெரியும். பின்னே எதுக்கு மாத்தணும்?" குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சிங்க மாசம் டிரெயினிங் முடித்தவர் வந்தார். ஞானசிகாமணி என்று பெயர். அவருக்கு நான்காம் வகுப்பைக் கொடுத்தார்கள். பளிச்சென்ற சட்டை, கரும்பலகையில் ஒரு பிசகு இராது. மறு வருஷம் விஜயத்தின் கூட்டம் அவர் வகுப்புக்குப் போனது. ஒரு வாரம் கழித்து அவர் கோமதிநாயகத்தைத் தேடி வந்தார்.

"உங்க பிள்ளைங்க ஒரு மாதிரி ஸார். கணக்குப் போடுறப்போ என் வாயையே பாத்துக்கிட்டு இருக்குதுங்க. எப்போ தப்பு விடுவேன்னு."

"ஐயோ," என்றார் கோமதிநாயகம், உண்மையான கவலையோடு. "நீங்க விடலையா?"