மழை மூட்டிய நெருப்பு

கல்யாணமான இரண்டாம் வருஷம், கீழப்பழுவூரில் எங்கள் வயலை ஒட்டி ஓர் அறை கட்டினோம். யுத்த காலம், எதுவும் லேசில் கிடைக்காது. வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்புக்கல் வேண்டுமென்று நானும் என் வீட்டுக்காரரும் அரியலூர்க் காளவாய்க்கு மாட்டுவண்டியில் போனோம். கடைத்தெருவில் உப்பு கிடைத்தது. அதிலும் ஒரு சாக்கு வாங்கிக்கொண்டோம். வண்டியின் முன்பக்கம் உப்பு, பின்பக்கம் கல், கல்லின் மேல் வைக்கோல்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டுகிற மழையில் முதுகு மட்டும் சுட்டது. திரும்பினால், வைக்கோலுக்குள்ளிருந்து புகை.

"என்னங்க, வண்டி எரியுதுங்க!"

"மழை ஊத்துது, எப்புடி எரியும்?"

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் குடிக்க வைத்திருந்த செம்புத் தண்ணீரை அதன் மேல் ஊற்றிவிட்டேன். புஸ்ஸென்று ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே கல் வெடித்தது. வைக்கோல் தீப்பிடித்துக்கொண்டது.

"தண்ணி ஊத்தாத புள்ள! தண்ணி பட்டுத்தான் கொதிக்குது! எறங்கு, எறங்கு!"

மாடுகளை அவிழ்த்து விரட்டினார். உப்புச் சாக்கை இழுத்துக் கீழே தள்ளினேன். இருவருமாக நுகத்தடியைத் தூக்கி வண்டியைப் பின்னால் சாய்த்தோம். கல்லும் நெருப்பும் சேர்ந்து ரோட்டோரம் சரிந்தன. வண்டிப் பலகை கருகியதோடு தப்பித்தோம்.

பிறகு எங்களால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. ஒவ்வொரு துளி விழும்போதும் கற்கள் முனகின, பிளந்தன, பூவைப்போல விரிந்தன. பயம் எப்போது விட்டுப்போனது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன்.

"தொட்டியில போட்டுத் தண்ணி விட்டு நீத்துறப்பக் கொதிக்கும், பாத்திருக்கேன்," என்றார் மெதுவாக. "வைக்கோலையே கொளுத்தும்னு இன்னிக்கித்தான் தெரியுது."

மறுநாள் காலை அங்கே கல்லே இல்லை. மாவைவிட மெல்லிய வெள்ளைப் பொடி மேடாகக் கிடந்தது. உள்ளே இன்னும் வெதுவெதுப்பு. கூடையில் அள்ளி வந்தோம். விரல் தோல் உரிந்தது.

உப்புச் சாக்கும் நனைந்து பாதி கரைந்திருந்தது. சாக்கை அலசி, அந்தத் தண்ணீரை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினேன். சட்டியின் அடியில் உப்பு திரும்பி வந்து நின்றது. நாக்கில் வைத்தேன், அதே கரிப்பு. அந்தத் துணிச்சலில் ஒரு பிடி சுண்ணாம்புப் பொடியையும் நனைத்துக் காய்ச்சினேன். எவ்வளவு விறகு வைத்தும் அது கல்லாகவில்லை. பொடி பொடியாகவே கிடந்தது. ஒரே மழைதான் இரண்டின் மேலும் பெய்தது. உப்பு கரைந்தாலும் உப்பாகவே இருந்திருக்கிறது. சுண்ணாம்போ வேறொரு பொருளாகவே ஆகிவிட்டது. அடுப்பின் முன் உட்கார்ந்து இதை நானாகத் தெரிந்துகொண்டபோது மயிர்க்கூச்செறிந்தது.

அந்தப் பொடியைக் கரைத்துத்தான் வெள்ளையடித்தோம். சில மாதம் கழித்து, சுவரோரம் கெட்டியாகச் சிந்தியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டப் பார்த்தேன். நகம் இறங்கவில்லை.

"இங்க வாங்களேன். இது திரும்பவும் கல்லாயிட்டுதுங்க!"

அவர் குனிந்து தட்டிப் பார்த்தார். "அடுப்புல வெச்சு ஆவாதது, சும்மா கெடந்தே ஆயிருக்கே!" என்று சிரித்தார்.

அன்று உறைமோர் விட்ட பாலை மூடிவைக்க மனம் வரவில்லை. அது தயிராவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.