கல்யாணத்துக்கு வழிவிட்ட மலை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதம். ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் என்னோடு ஒரே களஞ்சியசாலையில் வேலை செய்யும் பெரு நாட்டுத் தோழி, மலையில் இருக்கும் தன் ஊருக்கு எங்களைக் கூப்பிட்டாள். அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். நானோ பெரிய வருத்தமொன்றில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் பயந்தார்கள். டாக்டர் போகலாம் என்றதும் நானும் கணவரும் புறப்பட்டுவிட்டோம்.

அந்தீஸ் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் அது. மண்சுவர் வீடுகள், தெரு என்று இருப்பதெல்லாம் படிகள்தான். காலையில் மேகம் நமக்குக் கீழே கிடக்கும். சரிவு முழுக்கப் படிப்படியாக உருளைக்கிழங்குத் தோட்டம். அந்த உயரத்தில் கிழங்கு அவியவே நெடுநேரம் எடுக்கும். கொஞ்சம் நடந்தாலே எனக்கு மூச்சு வாங்கியது. தலையிடியோடு, அதற்கென்று அவர்கள் தந்த கொக்கா இலைத் தேநீரைக் குடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் விடிய, மழையில் மலை சரிந்து ஊரின் ஒரே பாதையை மூடிவிட்டது. பெண்வீட்டாரும் பாதிரியாரும் அந்தப் பக்கம், கீழ் ஊரில். பட்டணத்திலிருந்து மண் அள்ளும் இயந்திரம் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. பாதிரியார் இந்த ஊருக்கு ஏறி வருவதே அருமை.

மாதா கோயில் மணி அடித்தது. மண்வெட்டியும் இரும்பு அலவாங்குமாக ஊரே இறங்கியது. பெண்கள் வரிசையாக நின்று கற்களைக் கைமாற்றினார்கள். நானும் எழும்பிப் போய் நடுவில் நின்றேன்.

"உமக்கு ஏலாது, இதிலை இரும்," என்றார், கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற கணவர்.

"ஏலும். நீங்கள் அடுத்த கல்லைத் தாங்கோ."

மூச்சு முட்டினால் குந்துவேன். பக்கத்தில் நின்றவள் என் கல்லையும் தானே வாங்கி அனுப்புவாள். எழும்பினால் விலகி இடம் விடுவாள். மத்தியானம் தாண்டி, மண்மேட்டுக்கு அப்பாலும் அலவாங்குச் சத்தம் கேட்டது. பெண்வீட்டார் தங்கள் பக்கமிருந்து வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்!

கடைசியில் மிஞ்சியது ஒரு பெரும் பாறை. ஆண்கள் அலவாங்கு கொடுத்து நெம்ப, மற்றவர்கள் ஒரு பக்கமாக நின்று பாறையில் சுற்றிய கயிற்றை இழுத்தார்கள். நானும் போய்ப் பிடித்தேன். தோழி குரல் கொடுக்கக் கொடுக்க இழுத்தோம். பாறை மெல்ல அசைந்தது, புரண்டது, கீழே ஆற்றில் போய் விழுந்தது. மலை முழுக்க எதிரொலி.

சேற்றைத் தாண்டி முதலில் வந்தவள் கல்யாணப்பெண். காலில் ரப்பர் சப்பாத்து, முழங்கால்வரை சேறு, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த கல்யாண உடுப்பு. மாப்பிள்ளை அழ, அவள் சிரித்தாள். மறுநாள் கல்யாணத்தில் நானும் கணவரும் ஒரு பாட்டு முழுக்க ஆடினோம்.

இப்போதும் யாராவது என் உடம்பைப் பற்றிப் பரிதாபமாக விசாரித்தால், அந்தக் கயிறு உள்ளங்கையில் இறுகியது நினைவுக்கு வரும். மலையை ஒதுக்கி வழி எடுத்தவர்களில் நானும் ஒருத்தி என்று மனதுக்குள் நிமிர்ந்துகொள்வேன்.