காலி செய்யும் ஒத்திகை

எனக்கு நீச்சல் தெரியாது. வெள்ளத்தை மொட்டை மாடியிலிருந்து, கையில் டீயுடன் பார்த்ததுதான் என் அனுபவம். அப்படிப்பட்ட நான், இரண்டாயிரங்களின் கடைசியில், ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சியாளனாகக் கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே போய், இருளர் குடும்பங்களுக்குப் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுத்தேன். நிறையப் படித்துவிட்டுத்தான் போனேன். உருகும் பனிக்கட்டிமேல் நிற்கும் துருவக்கரடியின் படம்கூட வைத்திருந்தேன். "இதுக்கு இன்னா சார் கஷ்டம்? கொழுகொழுன்னுதானே கீது" என்று ஒருவர் கேட்டதும் அதைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அவர்களுடைய ஏழெட்டுக் குடிசைகள் ஒரு நெல்வயலின் ஓரத்தில், பம்புசெட்டை ஒட்டி இருந்தன. நிலம் வேறொருவருடையது. ராத்திரியில் மோட்டாரையும் வயலையும் காவல் காப்பது இவர்கள் வேலை. குடியிருக்கும் இடம்தான் அதற்குக் கூலி. பட்டா கிட்டா ஒன்றும் கிடையாது. தேர்வாய் கண்டிகையில் தொழிற்பூங்கா வரப்போகிறது என்ற பேச்சில் சுற்றுவட்டார நிலத்துக்கெல்லாம் திடீர் மவுசு வந்திருந்த சமயம் அது.

கடைசி நாள் வெள்ள ஒத்திகை. விசில் ஊதியதும் எல்லோரும் சாமான்களோடு மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். அவர்களில் மூத்த பெண்மணி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சார், எங்க ஊட்டுக்காரரு மட்டும் இங்கியே இருக்கட்டும்."

"வெள்ளம் வந்தா அவரை மட்டும் விட்டுடுமாம்மா?"

"வெள்ளம் எங்க சார் வருது? ஒரு அடுப்பாவது பொகையணும். எல்லாரும் பூட்டா, காவல வுட்டுட்டு ஓடிட்டாங்கன்னு மொதலாளி எடத்த எடுத்துக்குவாரு. எப்படா போவோம்னு பாத்துக்கினு கீறாரு."

"ரெண்டு மணி நேரம்தாம்மா. ஒருத்தர் குறைஞ்சாலும் ஒத்திகை செல்லாது."

அப்படியொரு விதி எங்கும் இல்லை. ஆளில்லாத குடிசைகள் ஒரு படம், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் நிற்பது ஒரு படம் என்று என் அறிக்கையின் அட்டைக்குத் திட்டம் போட்டிருந்தேன். விதி அவ்வளவுதான். அவர் புருஷனைப் பார்த்து, "சார் சொல்றாரு, வா" என்றார்.

அருமையாக நடந்தது. பானை, பாய், கோழி, நாய், ஒன்றையும் விடவில்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் நான்தான் சொல்லியிருந்தேன். பள்ளிக்கூட வராண்டாவில் எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து, நன்றி சொல்லி நாலு வார்த்தை பேசினேன். நாலு வார்த்தை முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று.

திரும்பியபோது வயலோரம் டிராக்டர் நின்றது. குடிசைகளைச் சுற்றிக் கல்தூண் நட்டு, முள்கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கூரை ஏற்கெனவே தரையில் கிடந்தது. நிலத்துக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். நான் சொல்லிச் சொல்லி பேஜாராயிட்டேன். நீங்க ஒரே நாள்ல காலி பண்ணிக் குடுத்துட்டீங்க."

"இது ஒத்திகைங்க."

"எதுவா இருந்தா இன்னா சார்? சட்டி பானையோட போனத ஊரே பாத்துச்சு."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். பேச்சு எனக்கு வரும். அவர்கள் மூட்டையை இறக்காமலே நின்றார்கள். தாலுகா ஆபீசுக்கு அழைத்துப் போனேன். "அவங்களாத்தான் காலி பண்ணாங்களா?" என்று அங்கே கேட்டார்கள். ஆமாம் என்பதற்கான படம் என் கேமராவிலேயே இருந்தது.

சில மாதம் கழித்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அந்தப் பெண்மணி கூடையோடு உட்கார்ந்திருந்தார். அருகில் போய், "அன்னிக்கு நான் பண்ணது..." என்று ஆரம்பித்தேன். "இருக்கட்டும் சார்" என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"இப்போ எங்கம்மா இருக்கீங்க?"

"ஒரு எடத்துல கீறோம்."

"எந்த ஊர்ப் பக்கம்?"

ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அத்த சொல்ல மாட்டேன் சார். சொன்னா நீ வந்துடுவ."